கல் எவ்வளவு பெரியது?

அதிகாலை நான்கு மணி. கோலார் தங்கவயல், மாரிக்குப்பம். ஒரு லைன் வீட்டில் விளக்கு எரிகிறது.

மகன் பாயில் சுருண்டு கிடக்கிறான். விலாவில் தொடங்கிய வலி அடிவயிறு வரை இறங்குகிறது. இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான். பெங்களூரு ரயிலுக்கு இன்று போக முடியாது.

போன வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வலித்தது. அது சிறுநீரகக் கல். மனைவிக்கு அது நினைவு வந்தது. கைபேசியை எடுத்தாள்.

"கிட்னி கல் கரைய என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

பதில்கள் வரிசையாக வந்தன. ஒன்று வாழைத்தண்டுச் சாறு குடி என்றது. ஒன்று பீர் குடி என்றது. மேலே இருந்த பதில், "ஏழே நாளில் கல் கரையும். பணம் அனுப்புங்கள், மருந்து வீடு தேடி வரும்" என்றது.

மாமனார் எட்டிப் பார்த்தார். "பணம் கட்டிடலாமாம்மா?" என்றார்.

அவள் அறிவொளி வகுப்பில் படித்தவள். பதிலின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு சொல் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். வி-ள-ம்-ப-ர-ம்.

"மாமா, இது டாக்டர் சொன்னது இல்ல. காசு குடுத்துப் போட்ட விளம்பரம்" என்றாள்.

மாமனார் சுரங்கத்தில் வேலை செய்தவர். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சுரங்கத்துல பாறையைத் தட்டிப் பாக்காம அதுக்குக் கீழ நிக்க மாட்டோம். கல்லு எங்க இருக்கு, எவ்வளவு பெருசுன்னு இந்த போனுக்குத் தெரியுமா? கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

கல் எப்படி உண்டாகிறது?

ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா மகனைச் சோதித்தார். வலி குறைய ஊசி போட்டார். சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். பிறகு, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறே?" என்று கேட்டார்.

"ரயில்ல கூட்டம். ஒண்ணுக்குப் போக முடியாது. அதனால தண்ணி குடிக்கிறதே இல்லம்மா" என்றான் மகன்.

"அதுதான் காரணம்" என்றார் டாக்டரம்மா.

சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. கழிவு உப்புகள் சிறுநீரில் கரைந்து வெளியேறுகின்றன. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிறது. அப்போது உப்புகள் கரையாமல் படிந்து கல்லாகின்றன. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது அல்லவா? அது போலத்தான்.

வெயிலிலும் வெப்பத்திலும் வேலை செய்வோருக்கு வியர்வை அதிகம். அவர்களுக்குத் தண்ணீர் இன்னும் அதிகம் தேவை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. இன்று ஆயிரக்கணக்கானோர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கும் பலருக்கு வெயிலில்தான் வேலை.

சிறுநீரகக் கல்லைப் பற்றி உலகம் முழுவதும் மக்கள் கைபேசியிலும் கணினியிலும் தேடுகிறார்கள். அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார்கள். கோடையில் தேடுவோர் கூடுவது தெரிந்தது. கல் வலியும் கோடையில்தான் கூடுகிறது.

அளவுக்கு ஏற்ற சிகிச்சை

ஸ்கேன் முடிவு வந்தது. மகனுக்கு 4 மில்லிமீட்டர் கல். சிறுநீர்க் குழாயின் கீழ்ப்பகுதியில் இருந்தது.

"இது பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துடும். மாத்திரை தர்றேன். நல்லா தண்ணி குடி" என்றார் டாக்டரம்மா.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறிவிடும். இவற்றுக்கு எந்தச் சாறு குடித்தாலும், அந்தச் சாறுதான் கல்லைக் கரைத்தது என்று தோன்றும்.

பெரிய கல்லுக்கு வேறு வழிகள் உண்டு. வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைக்கலாம். இந்த முறை 1980இல் ஜெர்மனியில் தொடங்கியது. சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தியும் கல்லை உடைக்கலாம். சிறுநீரகத்தில் மிகப் பெரிய கல் இருந்தால் முதுகில் சிறு துளை போட்டு எடுப்பார்கள். பெங்களூரு விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் இதற்கென்றே அரசு சிறுநீரக நிலையம் உள்ளது.

வாழைத்தண்டு நல்ல உணவு. ஆனால் பெரிய கல்லை அது கரைக்காது. பீர் மருந்தே அல்ல. வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகம் கெடும்.

பத்து நாள் கழிந்தது. ஒரு நாள் காலையில் மகனுக்குக் கல் வெளியேறியது. கடுகைவிடப் பெரியது. இப்போது அவன் தண்ணீர் பாட்டில் இல்லாமல் ரயில் ஏறுவதில்லை.

நினைவில் வையுங்கள்

1. சிறுநீர் வெளிர் நிறமாகப் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். நாளுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தேவைப்படும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக் குடிக்க வேண்டும்.
2. உப்பு, ஊறுகாய், அப்பளம் குறையுங்கள். எலுமிச்சைச் சாறு நல்லது. பாலை நிறுத்த வேண்டாம்.
3. வலியோடு குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ உயிருக்கு ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 108க்கு போன் செய்யுங்கள்.
4. கைபேசியில் பதில் கிடைத்தால் சொன்னது யார் என்று படியுங்கள். 'விளம்பரம்', 'ஸ்பான்சர்' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. மகனுக்குக் கல் வரக் காரணம் என்ன?
2. மருமகள் படித்த சொல் எது? அதனால் என்ன நன்மை?
3. நீங்கள் இன்று எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள்? எழுதுங்கள்.