ப்ராஸ்டேட் ஆபரேஷனா? முதலில் போனில் கேளுங்கள்!

"ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கணும் சாமி, போனா சொட்டுச் சொட்டாத்தான் வருது." அடி அண்ணாமலையில் என்னிடம் வரும் பெரியவர்கள் பலரின் புலம்பல் இது. ஆரம்பநிலை என்றால் கஷாயம், சூரணம் தருவேன். சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரகம் பாதித்தாலோ ஆபரேஷனுக்கு நானே அனுப்பிவிடுவேன்.

அங்கேதான் பயம்! அதைப் போக்க வீட்டிலிருந்தே வீடியோவில் டாக்டரிடம் பேசலாம். 2020-இல் மத்திய அரசு இதற்கு விதிமுறை வகுத்தது. அரசின் இ-சஞ்சீவனியில் கட்டணமும் இல்லை. பரிசோதனைக்கு நேரில்தான் போகணும். விவரம் கேட்க போன் போதும்.

டி.யு.ஆர்.பி. முறையில் வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறுநீர்ப் பாதை வழியே கருவியை விட்டு, அடைக்கும் சதையைச் சுரண்டி எடுப்பார்கள். சில நாள் ட்யூப் இருக்கும். சிறுநீர் சிவந்து போகும். முன்பே தெரிந்தால் பதறமாட்டீர்கள். கட்டிகட்டியாக ரத்தம், அடைப்பு, காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

தாம்பத்யம் பற்றி மகன், மருமகள் எதிரில் கேட்க வாய் வராது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பின் பலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. குழந்தை வேண்டுவோர் மட்டும் முன்பே சொல்லிவிடணும்.

பேசும்போது சாப்பிடும் மருந்துகளையெல்லாம் எதிரில் வையுங்கள். ஆஸ்பிரின் போல ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளைக் கட்டாயம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். "நாட்டு மருந்துதானே" என்று எங்கள் லேகியத்தை மறைக்கவும் வேண்டாம். அப்படியே, 14 கிலோமீட்டர் கிரிவலம் எப்போது நடக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.