கடலோர வீட்டுக்கு கேமிங் பிசி: தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பார்ட்ஸ் லிஸ்ட்டைப் பார்த்தேன். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடி முகப்பு வைத்த கேபினெட், கலர் கலராக எரியும் ஃபேன் எல்லாம் மாடல் நம்பரோடு இருக்கிறது. எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, என்ற இடத்தில் மட்டும் "ஏதாவது 500 வாட்" என்று போட்டிருக்கிறாய். அது டெல்லியிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து வீடியோ போடுகிற அண்ணன் சொன்ன லிஸ்ட். நீ இருப்பது தங்கச்சிமடத்தில். ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று, சாயங்காலம் ஆனால் லோ வோல்டேஜ். அதனால் லிஸ்ட்டைக் கீழிருந்து மேலாகப் படிப்போம். முதலில் எஸ்எம்பிஎஸ்.

கடையில் "500 வாட்" என்று பெரிய எழுத்தில் போட்ட டப்பா ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அந்தப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படி. +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12-ஆல் பெருக்கு. 18 ஆம்பியர் என்றால் 216 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான், ஆகவே அந்த "500" வெறும் பெயர். நல்ல 550 வாட் சப்ளையில் இதே இடத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) முத்திரை இருக்கட்டும்.

அதே ஸ்டிக்கரில் இன்னொரு வரியையும் பார்: இன்புட் வோல்டேஜ். சிலவற்றில் 200–240 என்றும், சிலவற்றில் 100–240 என்றும் இருக்கும். நம் ஊருக்கு இரண்டாவதுதான் வேண்டும். எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினாலும் அது தாங்கும். 200-ல் தொடங்குகிற சப்ளை பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடலாம். நீ வாலரண்ட்டில் ஆள் பிடித்துக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் யாரைத் திட்டுவாய்?

கரண்ட் பேச்சோடு இன்வெர்ட்டரையும் முடித்துவிடலாம். வீட்டு இன்வெர்ட்டர் பழைய ஸ்கொயர் வேவ் என்றால் அதில் கேமிங் பிசியைச் சொருகாதே. பியூர் சைன் வேவ் என்றால், பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பார். நிறைய வீடுகளில் அது வாங்கிய நாளிலிருந்தே நார்மலில் கிடக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் கரண்ட் போகும்போது மாறுகிற நேரம் குறையும், பிசி ரீஸ்டார்ட் ஆகாது. தனி யுபிஎஸ் வாங்குவதானால் எல்லாரும் வாங்கும் 600 விஏ இறுக்கமாகிவிடும். அது தருவது சுமார் 360 வாட். நீ கட்டப்போகிற பிசி விளையாடும்போது 250 வாட் வரை இழுக்கும், அதன்மேல் மானிட்டர் வேறு. 1000 விஏ வாங்கு. கேமைச் சேவ் பண்ணி ஒழுங்காக ஷட் டவுன் செய்ய அது போதும்.

அப்பா கரண்ட் பில்லைக் கேட்பார், பதிலை இப்போதே வைத்துக்கொள். 250 வாட்டில் தினம் நாலு மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். இலவச யூனிட்டில் ஒரு பெரிய பங்கை நீயே தின்றுவிடுவாய். வீட்டுக் கணக்கு 500-ஐத் தாண்டினால் ஸ்லாபே மாறிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்.

அடுத்து உப்பு. நம் பக்கத்துப் பாம்பனில் 1914-ல் திறந்த ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் துருவோடு மல்லுக்கட்டியது. 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவதே நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அதே உப்புக் காற்றைத்தான் உன் கிராபிக்ஸ் கார்டின் ஃபேனும் நாள் முழுக்க உள்ளே இழுக்கப்போகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்திருக்கும் உப்புத் துகள் தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். அந்த ஈரம் மின்சாரம் கடத்தும், செம்பைப் பச்சையாக்கும். பிசியின் பின்பக்கத்து ஸ்குரூ தலைகளையும் யுஎஸ்பி வாய்களையும் மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார். பழுப்புப் புள்ளியோ வெள்ளைப் பொடியோ அங்கேதான் முதலில் தெரியும். அப்போது கவனித்தால் போர்டு தப்பிக்கும். துரு, அரிப்பு ஏறிய பார்ட்ஸுக்கு வாரண்டி இல்லை என்று பல கம்பெனிகளின் விதியிலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. கேபினெட் முகப்பு கண்ணாடி வேண்டாம், வலை வைத்ததாக, கழற்றிக் கழுவக்கூடிய டஸ்ட் ஃபில்டரோடு வாங்கு. ஆடிக் காற்றில் மணலும் சேர்ந்து வரும், ஃபில்டர் இரண்டு வாரத்திலேயே அடைத்துக்கொள்ளும். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராகவும் வைக்காதே, தரையிலும் வைக்காதே. மூடி வைக்க பிளாஸ்டிக் கவர் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அப்பாவின் பழைய வேட்டி போதும், அதுவும் பிசி ஆறிய பிறகு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பரீட்சை என்று சொல்லி அதை மூன்று வாரம் தொடாமல் விடுவதுதான் மிக மோசம். ஓடுகிற பிசி தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டும். ஓடாத பிசிதான் அரிபடும். தினம் அரை மணி நேரமாவது ஓடட்டும், விளையாடத்தான் வேண்டும் என்றில்லை. இடி மின்னல் என்றால் மட்டும் பிளக்கையும் நெட் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கிவிடு. மின்னல் நெட் கேபிள் வழியாகவும் வரும்.

துடைக்கும்போது ஈரத் துணி வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் போதும். புளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடி. சும்மா சுற்றவிட்டால் ஃபேனே டைனமோ மாதிரி கரண்ட் உண்டாக்கி போர்டுக்குள் அனுப்பும்.

இப்போது உனக்குப் பிடித்த பகுதிக்கு வரலாம். பிராசசர் பெயரைச் சொல்லும் முன் என்ன கேம், என்ன மானிட்டர் என்று சொல். வாலரண்ட், சிஎஸ் 2, ஜிடிஏ 5, இவை 1080பி மானிட்டரில் என்றால் பட்ஜெட்டில் அழகாக முடியும். ஐம்பது, அறுபது ஆயிரத்தில் கட்டுகிறவன் 4கே கனவு காணக் கூடாது. 1080பி, 100 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் பேனல் போதும்.

என் கணக்கில் ரைசன் 5 5600-உம் ஆர்எக்ஸ் 6600-உம் இந்த பட்ஜெட்டுக்கு இன்னும் நல்ல ஜோடி. கார்டில் 8 ஜிபி மெமரி இருக்கிறது, இழுப்பது 132 வாட்தான். இன்டெல் பக்கம் போனால் ஐ5 12400எஃப். கடைசியில் எஃப் எழுத்து இருந்தால் அதில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதானால் திரையே வராது. இன்டெல்லின் ஆர்க் பி580 கார்டு 12 ஜிபி மெமரியோடு ஆசை காட்டும். ஆனால் ரீசைசபிள் பார் வசதியும் புதிய பிராசசரும் இருந்தால்தான் அது முழுப் பலம் காட்டும், 5600-ஓடு சேர்த்தால் சில கேம்களில் தடுமாறும். பெரிய கார்டைப் பழைய பிராசசரில் மாட்டுவது வல்லத்தில் விசைப்படகு இன்ஜினை வைக்கிற வேலை.

கையில் முப்பத்தைந்துதான் இருக்கிறதா? அப்படியானால் மட்டமான கார்டு வாங்காதே, கார்டே வாங்காதே. ரைசன் 5 5600ஜி போடு, அதிலேயே வேகா கிராபிக்ஸ் இருக்கிறது. வாலரண்ட் தாராளமாக ஓடும், ஜிடிஏ 5 செட்டிங்ஸைக் குறைத்தால் ஓடும். அடுத்த வருஷம் காசு சேர்ந்ததும் கார்டைச் சொருகிக்கொள்ளலாம், எஸ்எம்பிஎஸ் நல்லதாக வாங்கியிருந்தால் அதை மாற்றவும் வேண்டாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உள் கிராபிக்ஸ் ராமைத்தான் தன் மெமரியாகப் பயன்படுத்தும், எனவே 16 ஜிபி ஒரே குச்சியாக இல்லாமல் 8-உம் 8-உமாக இரண்டு குச்சி போட வேண்டும். இதைச் செய்யாமல் "5600ஜி மொக்கை" என்று சொல்லித் திரிகிறவர்கள் நிறையப் பேர். இன்னொன்று: 5600ஜி-யில் கேச் 16 எம்பி, 5600-ல் 32. பிற்பாடு கார்டு போட்டாலும் 5600 அளவுக்கு அது ஓடாது.

ராம் விலையைப் பார்த்து மயங்கி விழாதே. 2025 கடைசியிலிருந்து அது கன்னாபின்னாவென்று ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்பெல்லாம் போகிறது. குரூசியல் என்ற பெயரில் நமக்கு ராம் விற்றுக்கொண்டிருந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பழைய ஏஎம்4 போர்டையே நான் இன்னும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், வீட்டில் கிடக்கும் டிடிஆர்4 ராமை அதில் போடலாம். புது ஏஎம்5 போர்டு டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும். காசு இருந்தால் அதுதான் நாளைக்கு வளரும் வழி, இல்லாதவன் இப்போது அந்தப் பக்கம் போக வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் பற்றிக் கேட்டாய். ஆன்லைனில் "புத்தம் புதிய ஆர்எக்ஸ் 580" என்று பேர் தெரியாத கம்பெனி கார்டுகள் வரும். பெயரோடு 2048எஸ்பி என்று சின்னதாக ஒட்டியிருக்கும். நிஜ 580-ல் 2304 கோர்கள், இதில் 2048தான், அதாவது 570-ஐ 580 என்று விற்கிறார்கள். 2022 செப்டம்பரில் ஈத்தரியம் மைனிங் நின்றபோது இராப்பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன, அவற்றின் மிச்சம் இன்னும் சுற்றுகிறது. நேரில் ஓட்டிப் பார்க்காமல் பழைய கார்டு வாங்காதே. அரை மணி நேரம் கேம் ஓட்டச் சொல், ஃபேன் சத்தத்தைக் கேள், பின்பக்க ஸ்குரூவில் துரு இருக்கிறதா பார்.

பழைய பார்ட்ஸில் என் ஓட்டு, ஆபீஸில் கழித்துவிட்ட டெல், ஹெச்பி பெட்டிகளுக்குத்தான். ஆனால் அவற்றின் எஸ்எம்பிஎஸ் சின்னது, சாதாரண சப்ளை அளவும் பிளக்கும் பொருந்தாது. தனி பவர் கேபிள் கேட்காத கார்டுதான் அதில் போகும். போர்டின் ஸ்லாட் 75 வாட் வரை தரும், 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 இழுப்பது 70 வாட். ஒல்லிப் பெட்டியாக இருந்தால் குட்டைக் கார்டு, அதாவது லோ புரொஃபைல், கேட்டு வாங்கு.

எங்கே வாங்குவது? விலைக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்தான். அண்ணா சாலையிலிருந்து இறங்கி நரசிங்கபுரம் தெரு வரை நாலு கடை விசாரித்தால் ஆன்லைன் விலையை விடக் குறைத்தும் தருவார்கள். ஆனால் அங்கேயே முழுசாக அசெம்பிள் பண்ணி பஸ் டிக்கியில் போட்டுவிடாதே. இராமநாதபுரம் வந்து சேர்வதற்குள் கிராபிக்ஸ் கார்டின் எடை ஸ்லாட்டையே வளைத்துவிடும். கார்டைக் கழற்றி அதன் டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு சேது எக்ஸ்பிரஸில் வா. ஆயிரம், இரண்டாயிரம் அதிகமானாலும் எஸ்எம்பிஎஸ், மானிட்டர் இரண்டையும் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ வாங்குவதுதான் சரி. அடிக்கடி வாரண்டிக்குப் போவது அவைதான். சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் "ரேட் குறைக்கிறேன்" என்று யார் சொன்னாலும் நகர்ந்துவிடு. ஆன்லைனில் வந்த பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரி.

தவணையில் வாங்குவதானால் காலண்டரைப் பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் அப்பா படகு கடலுக்குப் போகாது. மாசியில் ஆசையாகப் போட்ட இஎம்ஐ சித்திரையில் அம்மா நகையைத் தேடும். தடைக்காலத்துக்கு முன் முடிகிற மாதிரி சின்னத் தவணை போடு, இல்லாவிட்டால் ஆடி வரை பொறு.

பிசி வந்த அன்று மூன்று விஷயம் பார்த்துவிடு. மானிட்டர் கேபிளைப் போர்டில் சொருகாமல் கீழே கிடைமட்டமாக இருக்கும் கிராபிக்ஸ் கார்டு வாயில் சொருகு. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை ஆன் பண்ணு, இல்லையேல் காசு கொடுத்த ராம் வேகத்தில் முக்கால்வாசிதான் ஓடும். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை 100 ஆக்கு.

இதெல்லாம் ஆர்டர் போட்ட பிறகு. அதற்கு முன்னால் தெருமுனை எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, நீ பிசி வைக்கப்போகிற பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினாலோ, கேபினெட்டைத் தொட்டால் விரல் நுனி ஜிவ்வென்று இழுத்தாலோ எர்த் சரியில்லை. மணல் தரையில் எர்த் குழி கோடையில் காய்ந்துபோகும். குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல். அதற்கு ஆகிற செலவு, உன் லிஸ்ட்டில் இருக்கும் கலர் ஃபேன் செட்டின் விலையை விடக் குறைவு.