பார்சலில் வரும் கிடார்: ஒடுகத்தூரிலேயே பூட்டிக்கொள்ளப் பயனுள்ள குறிப்புகள்

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஒடுகத்தூரில் ஆட்டுக்குக் கயிறு எத்தனை முழம் கேட்டாலும் கிடைக்கும். கிடாருக்குக் கம்பி வேண்டுமென்றால் வேலூருக்கு பஸ் ஏற வேண்டும். சர்ச் பாட்டுக்குழுவிலும் ஆடித் திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவிலும் வாசிக்கிற பிள்ளைகள் இப்போது பாடி, நெக், பிக்கப் என்று பாகம் பாகமாக ஆன்லைனில் வரவழைத்து வீட்டிலேயே பூட்டப் பார்க்கிறார்கள். நல்ல காரியம்தான். கருவியைத் தனக்கேற்றபடி மாற்றிக்கொள்வது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ், எட்டுக் கம்பி மாண்டலினை ஐந்து ஒற்றைக் கம்பி கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினாக மாற்றிக்கொண்டுதான் கர்நாடக சங்கீதம் வாசித்தார். இதோ பக்கத்து ராணிப்பேட்டையில் வளர்ந்த பிரசன்னா, எலெக்ட்ரிக் கிடாரிலேயே கீர்த்தனை வாசிக்கிறார். பூட்டுகிற வேலைக்குத் தேவையான கைகள் எல்லாம் ஊரிலேயே இருக்கின்றன: ஆசாரி, டூவீலர் பெயிண்டர், காயில் கட்டுகிறவர், செருப்புத் தைப்பவர். யாரிடம் எதைக் கொடுப்பது என்று தெரிந்தால் போதும்.

1. நெக்கும் பாடியும் நான்கு திருகாணியில் சேருகிற 'போல்ட்-ஆன்' வகையை மட்டும் வாங்குங்கள். லியோ ஃபெண்டர் 1950-இல் கிடாரையும் 1951-இல் பிரிசிஷன் பேஸையும் இப்படித்தான் தொழிற்சாலையில் பூட்டி விற்றார். கழற்றி மாட்டலாம் என்பதால்தான் உதிரிபாக வியாபாரமே உண்டானது. எடி வான் ஹேலன் 50 டாலர் பாடியையும் 80 டாலர் நெக்கையும் சேர்த்துப் பூட்டிய கிடார்தான் 1978-இல் வந்த வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பத்தின் அட்டையில் இருப்பது. கிப்சன் லெஸ் பால் கிடார் மாதிரி பசை வைத்து ஒட்டும் நெக், முதல் முயற்சிக்கு வேண்டாம். கோணம் தவறி ஒட்டிவிட்டால் திரும்ப எடுப்பது பெரும் பாடு.

2. பணத்தை முதலில் நெக்கில் போடுங்கள். அடுத்தது கம்பி முறுக்கும் கீ, அதற்கடுத்தது பிக்கப். பாடி மரம் கடைசி. விற்பவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். பளபளக்கிற பாடியைக் காட்டித்தானே விற்க முடியும்! பிக்கப்பை ஆறு மாதம் கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம். முறுக்கிக்கொண்ட நெக்கைச் சரிசெய்வது பெரும் பாடு.

3. நெக்கும் பாடியும் வேறு வேறு கடையில் வாங்கினால் மூன்று அளவுகளைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.
முதலாவது, ஸ்கேல் நீளம், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம். ஃபெண்டர் வகை 648 மி.மீ., கிப்சன் வகை 628 மி.மீ., சாதாரண பேஸ் 864 மி.மீ. ஒன்றின் நெக்கை இன்னொன்றின் பாடியில் பூட்டினால் பிரிட்ஜ் இருக்க வேண்டிய இடமே மாறிவிடும். கையில் இருக்கும் நெக்கை நீங்களே சோதிக்கலாம். நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள்.
இரண்டாவது, நெக்கின் அடிப்பக்க அகலம். ஃபெண்டர் வகைக்கு ஏறக்குறைய 56 மி.மீ. மூன்றாவது, பாடியில் நெக் உட்காரும் குழியின் ஆழம். சுமார் 16 மி.மீ. இருக்க வேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் நெக்கின் அடி வளைந்தும் டெலிகாஸ்டர் நெக்கின் அடி நேராகவும் இருக்கும். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டால் ஆசாரியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

4. வெளிநாட்டுக் கடையில் போட்டிருக்கும் விலையை மட்டும் பார்த்து ஆர்டர் போடக் கூடாது. சுங்க வரியும் ஜி.எஸ்.டி.யும் கூரியர்காரர் கட்டணமும் வாசலில் வந்து நிற்கும். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் நெக்கின் மேல் நேரான இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். முன்பக்கம் லேசாக வளைந்திருந்தால் பரவாயில்லை. பக்கவாட்டில் முறுக்கியிருந்தால் அன்றைக்கே திருப்பிவிடுங்கள்.

5. வந்த மரத்தை ஒரு வாரம் சும்மா வையுங்கள். குளிர்ந்த ஊரிலிருந்தோ ஏசி கிடங்கிலிருந்தோ வந்த நெக், வேலூர் மாவட்டத்து மே மாத வெயிலில் கொஞ்சம் அசையத்தான் செய்யும். தகர ஷீட் போட்ட அறை, மொட்டைமாடி அறை இரண்டும் ஆகாது.

6. உள்ளூர் மரத்தில் பாடி செதுக்க ஆசையா? ஜவ்வாது மலை கண்ணெதிரே நிற்பதால் "சந்தனத்துல ஒரு பாடி, செம்மரத்துல ஒரு நெக்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். காது கொடுக்காதீர்கள். வனத்துறை வழக்கு ஒருபுறம் இருக்கட்டும், எலெக்ட்ரிக் கிடாருக்கு அந்த மரங்களால் ஒரு லாபமும் இல்லை. விரல் பலகைக்குப் பேர்போன ஈட்டி மரத்துக்கும் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள். உலக அளவிலும் 2017-இல் அதன் வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கொடுத்தார்கள். ஆகவே ஈட்டிப் பலகை ஒட்டிய நெக்கை பில்லோடு வாங்குவதே நிம்மதி.
பாடிக்கு வீணையும் மிருதங்கமும் கடைகிற பலா நல்லது. மலைவேம்பும் மகோகனியும் ஆகும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் காய்ந்த தேக்குக் கதவு கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் எடை போட்டுப் பாருங்கள். குவீன் குழுவின் பிரையன் மே, 1963-இல் தன் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிடாரின் நெக், பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டத்திலிருந்து வந்ததுதான். பாடியின் கனம் 44 அல்லது 45 மி.மீ. இருக்கட்டும். பச்சை மரம் கூடவே கூடாது.

7. பெயிண்ட் அடிக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பார்த்துவிடுங்கள். இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. நெக்கைக் குழியில் உட்கார வைத்து இரண்டு கிளாம்பில் பிடியுங்கள். நட்டின் முதல் கம்பிக் காடியிலும் ஆறாவது கம்பிக் காடியிலும் தையல் நூலைக் கட்டி, பிரிட்ஜ் வரை இழுத்து ஒட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டுக்கு நேராகக் குனிந்து பார்த்தால், இரண்டு நூலுக்கும் பலகை ஓரத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருபக்கம் 3 மி.மீ., முதல் கம்பிப் பக்கம் ஒன்றரை என்றால், வாசிக்கும்போது முதல் கம்பி பலகையை விட்டு நழுவும். நெக்கை ஒரு நூல் அளவு திருப்பினாலே சரியாகிவிடும். நூல் நேரானதும் பிரிட்ஜின் துளைகளைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி தங்கும் சாடில்களை முன்னே முக்கால் பங்கு தள்ளி வைத்து, முதல் கம்பியின் சாடில் சரியாக ஸ்கேல் நீளத்தில் நிற்கும்படி பிரிட்ஜை வையுங்கள். மற்ற சாடில்கள் பின்னால் போகத்தான் இடம் வேண்டும், முன்னால் வர அல்ல. "தம்பி, துளை போட்டப்புறம் மரம் வளராது, இன்னொரு வாட்டி அளந்துக்கோ" என்பார் ஆசாரி. அளந்துகொள்ளுங்கள்.

8. நெக் செய்கிற மேப்பிள் மரம் இரும்பு மாதிரி. துளை போடாமல் திருகாணியை ஏற்றினால் தலை ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். கீயின் குட்டித் திருகாணிகள்தான் அதிகம் ஒடியும். மரையை விட்டுவிட்டு நடுத்தண்டின் அளவுக்கு டிரில் பிட் எடுங்கள். ஆழம் தவறாமலிருக்க பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். திருகாணியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு ஏற்றுங்கள். சோப்பு வேண்டாம், ஈரம் இழுத்துத் துருவேற்றும்.

9. பெயிண்டை டூவீலர் டேங்க் அடிக்கும் பெயிண்டரிடம் கொடுங்கள். ஆசாரியின் பிரஷ் வேலையைவிட ஸ்பிரே படுசுத்தமாக வரும். அவரிடம் கொடுக்குமுன் நீங்கள் செய்ய வேண்டியவை: 220, 320, 400 என்று உப்புத்தாள் வரிசை, பிறகு சீலர். நெக் குழிக்குள் டேப் ஒட்டி மூடுங்கள். அங்கே பெயிண்ட் ஏறினால் நெக் உட்காராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடித்தால் மேற்பரப்பு வெள்ளை பூத்துவிடும், தை பிறக்கட்டும்.

10. பெயிண்டே வேண்டாம், எண்ணெய்ப் பூச்சு போதும் என்பவர்கள் ஆளிவிதை எண்ணெய் பூசலாம். தேங்காய் எண்ணெய் காயவே காயாது, நல்லெண்ணெயும் சரியாகக் காயாது. ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி எறியுங்கள்.

11. ஃப்ரெட் நுனிகள் உள்ளங்கையைக் கிழிக்கிறதா? வெயிலில் மரம் சுருங்கி உலோகம் நீட்டிக்கொண்டது. பலகையில் டேப் ஒட்டிக்கொண்டு மெல்லிய அரத்தால் சாய்வாக இழையுங்கள்.

12. பிக்கப் குழிக்குள் தாமிர டேப் ஒட்டினால் டியூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர் இரைச்சல் கணிசமாகக் குறையும். சென்னை ரிச்சி தெருவில் டேப்பும் வால்யூம் கன்ட்ரோலும் கப்பாசிட்டரும் ஒரே நடையில் வாங்கலாம். அடுக்களை அலுமினியத் தாளும் வேலை செய்யும். ஆனால் அதில் சால்டர் ஒட்டாது, ஒயரைத் திருகாணி வைத்து அழுத்த வேண்டும்.

13. சால்டரிங் தெரியாவிட்டால் காயில் கட்டும் கடையிலோ டி.வி. மெக்கானிக்கிடமோ கொடுங்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் கன்ட்ரோல், இரட்டைக் காயில் ஹம்பக்கருக்கு 500, டோனுக்கு முன்னதற்கு 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், பின்னதற்கு 0.022. கன்ட்ரோலின் முதுகில் எர்த் ஒயர் பிடிக்காமல் உருண்டு விழும். உப்புத்தாளால் தேய்த்து, 40 வாட் அயர்ன் வைத்தால் பிடிக்கும். பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரை மறந்தால் கம்பியில் கை வைத்தாலும் கிடாரின் உறுமல் அடங்காது. கம்பி மாட்டும் முன்பே ஆம்ப்பில் செருகி, ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டிக் கேட்டுவிடுங்கள்.

14. அந்த எர்த் ஒயரைப் பற்றி இன்னொன்று. அது கம்பிகளை ஆம்ப்பின் எர்த்தோடு இணைக்கிறது. திருவிழா மேடையில் ஜெனரேட்டர் எர்த் சரியில்லை என்றால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது உடம்பு வழியாகக் கரண்ட் பாயும். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். மேடை ஏறியதும் மைக்கின் உலோகத்திலும் கம்பியிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். மினுக்கினால் வாசிக்காதீர்கள், யார் கோபித்துக்கொண்டாலும் சரி. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துச் செருகுவது நம் ஊர்ப் பழக்கம். கிடார்காரர் அதைச் செய்யவே கூடாது.

15. நெக்கோடு வரும் நட் பெரும்பாலும் உயரமாகவே இருக்கும். இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கம்பியை அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி ஒரு தாள் அளவே தூக்கியிருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் காடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவுங்கள். காடிக்குள் பென்சில் முனையைத் தேய்த்தால் கம்பி சிக்காமல் நகரும்.

16. முதல் செட் கம்பி 10–46 போதும். ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 46 கிலோ இழுவிசை கொடுக்கும். பேஸுக்கு 45–105. பேஸ் கம்பி கனமானது. வெட்டும் முன் கீ தாண்டி 10 செ.மீ. விட்டு, வெட்ட வேண்டிய இடத்தில் முதலில் மடக்குங்கள். மடக்காமல் வெட்டினால் சில கம்பிகளில் மேற்சுற்று அவிழும்.

17. ஒருநாள் கழித்து, நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே கால் மி.மீ. இருக்க வேண்டும். மெக்கானிக் கடை ஃபீலர் கேஜ் இருந்தால் துல்லியம், இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு. இடைவெளி கூடுதல் என்றால் அலன் கீயை வலப்புறம் கால் சுற்று, அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் ஒருமுறை பார்த்தால் போதும்.
பிறகு கம்பி உயரம். 17-ஆவது ஃப்ரெட்டில் கிடாருக்கு 1.6 மி.மீ., பேஸுக்கு 2 மி.மீ.க்குச் சற்று மேல். கடைசியாக 12-ஆவது ஃப்ரெட்: அங்கே விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் நாதமும், அழுத்தி எழுப்பும் நாதமும் போன் ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்தியது ஏறிப் போனால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கினால் முன்னுக்கு.

18. தலையில் ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். பின்னால் யாராவது அசல் என்று நம்பி வாங்கிவிடுவார்கள். உங்கள் பேரை எழுதுங்கள்.

19. ஸ்ட்ராப்பை மட்டும் ஆன்லைனில் வாங்காதீர்கள்! ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி நம் பக்கத்திலேயே இருக்கும்போது பிளாஸ்டிக் பட்டையை ஏன் தோளில் போட வேண்டும்? ஷூ மேல்பாகத்துக்கு வெட்டும் தோல் மெல்லிசு, பெரும்பாலும் குரோமில் பதனிட்டது, கனம் தாங்கி இழுபடும். அதுதான் கிடைத்தது என்றால் இரண்டை ரப்பர் பசையில் ஒட்டி, ஓரம் முழுக்கத் தைக்கச் சொல்லுங்கள். கேட்டு வாங்க முடிந்தால் மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலே உத்தமம். ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய முறை. அந்த வகைத் தோல் விறைப்பாக நிற்கும், துளை பெரிதாகாது. கனம் இரண்டரை முதல் 3 மி.மீ., அகலம் கிடாருக்கு 5 செ.மீ., பேஸுக்கு 7 அல்லது 8.
பட்டன் மாட்டும் துளையில்தான் சூட்சுமம். பட்டனின் தலை அளவுக்கு அல்ல, கழுத்தின் அளவுக்குப் பஞ்ச் அடித்து, அங்கிருந்து பட்டை நுனிக்கு எதிர்த் திசையில் ஒரு செ.மீ. கீறல் போடச் சொல்லுங்கள். புதிதில் மாட்டக் கஷ்டமாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். நுனிப் பக்கம் கீறினால் கிடார் தரையில். சொரசொரப்பான சதைப்பக்கம் தோளில் படட்டும், வழுக்காது. சாயம் போட்ட தோல் என்றால் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் கிறிஸ்துமஸ் சட்டையிலும் ஏறும்.

20. ஷூ பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாதீர்கள். மழைக்காலத்தில் நாலைந்தைக் கிடார் பெட்டிக்குள் போட்டு வைத்தால் பிக்கப், பிரிட்ஜ் திருகாணிகள் துருப்பிடிக்காது. பங்குனி வந்ததும் எடுத்துவிடுங்கள்; கோடையில் மரம் ஏற்கெனவே காய்ந்துதான் கிடக்கும்.