"ஃபிளாப்ஸ்?"னு கேட்டா "ஓகே"னு பதில் சொல்லக்கூடாது

டாக்ஸ் சீசன்ல செக்லிஸ்ட் வச்சுக்கோங்கன்னு சொன்னா, நிறைய பேர் சொல்ற பதில்: "தேவையில்லை சார், எல்லாம் ஞாபகம் இருக்கு." இந்தப் பதிலை ஒரு பைலட் சொன்னா அந்த ஃபிளைட்ல நீங்க ஏறுவீங்களா? அதனால இன்னைக்கு முதல்ல காக்பிட், அப்புறம்தான் வரி.

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஃபீல்டு விமானதளம். ராணுவத்துக்கு விற்பதற்காக போயிங் கொண்டுவந்த மாடல் 299, நாலு இன்ஜின் குண்டுவீச்சு விமானம். ஓட்டியவர் மேஜர் பிளாயர் ஹில். புது ஆள் கிடையாது, அங்கே விமானச் சோதனைப் பிரிவின் தலைவரே அவர்தான். விமானம் எழும்பியது, மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறியது, வேகம் இழந்து விழுந்து எரிந்தது. ஹில்லும், போயிங்கின் தலைமைச் சோதனை பைலட் லெஸ்லி டவரும் இறந்தார்கள்.

இன்ஜின்ல கோளாறே இல்லை. விமானத்தை நிறுத்தி வைக்கும்போது வால் பகுதியில் அசையும் பலகைகள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பூட்டு போடுவார்கள். கஸ்ட் லாக். அதை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். இதற்குப் பிறகுதான் ராணுவ பைலட்டுகள் கையில் செக்லிஸ்ட் வந்தது. அதே விமானம் பி-17 ஆகி, 12,000-க்கு மேல் தயாரானது.

செக்லிஸ்ட்னா "எப்படி ஓட்டுவது" என்ற பாடப்புத்தகம்னு பலர் நினைக்கிறாங்க. இல்லை. சுவிட்சுகளை பைலட் பழக்கத்திலேயே வரிசையாகப் போட்டுவிடுவார். செக்லிஸ்ட் அதற்கு அப்புறம் வரும் சரிபார்ப்பு. ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் பார்த்துச் சொல்வார். "ஃபிளாப்ஸ்?" என்றால் "ஓகே" பதில் இல்லை, "ஐந்து" என்று மீட்டரில் தெரியும் எண்ணைச் சொல்லணும். "ஓகே"ங்கறது வாயிலிருந்து வரும். எண் சொல்லணும்னா கண்ணு அங்கே போயே ஆகணும். (ஆடிட்டிலும் இதே கதைதான். டிக் அடிச்ச பேப்பர் நிறைய, பார்த்த கண்ணு கம்மி.)

1987 ஆகஸ்ட் 16, டெட்ராய்ட். நார்த்வெஸ்ட் 255. ரன்வேக்குப் போகும் வழியில் ரன்வே மாறியது, ஒரு திருப்பத்தையும் தவறவிட்டார்கள். அந்தக் குழப்பத்தில் டாக்ஸி செக்லிஸ்ட் விட்டுப்போச்சு. ஃபிளாப்ஸ் இறக்காமலே கிளம்பியது விமானம். இப்படி நடந்தால் அலறவேண்டிய வார்னிங் சிஸ்டத்துக்கு அன்று கரன்ட்டே வரவில்லை. 156 பேர் இறந்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் பிழைத்தது நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டும்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இன்னொன்று. 2014 மே 31, மாசசூசெட்ஸில் பெட்ஃபோர்டு. ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட். மறுபடியும் அதே கஸ்ட் லாக்! ஹில் இறந்து 79 வருஷம் ஆகியும். ஏழு பேர் பலி. பைலட்டுகள் இருவருமே பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள், வருஷக்கணக்கா ஒண்ணா வேலை செய்தவர்கள். விசாரணையில் பழைய டேட்டாவை எடுத்தார்கள். அந்த விமானத்தின் முந்தைய 175 டேக்-ஆஃப்களில் 98 சதவீதத்தில் கன்ட்ரோல் சோதனையை முழுசாகச் செய்யவே இல்லை. அத்தனை தடவையும் ஒண்ணும் ஆகலை. அதுதான் பிரச்சினையே.

இப்போ உங்க கணக்குக்கு வாங்க. நாலு வருஷமா நீங்களே ரிட்டர்ன் போடறீங்க, ஒண்ணும் ஆகலைன்னா, நான் பயப்படறது உங்களைப் பார்த்துத்தான். ஃபிரெஷர் பயந்து பயந்து பார்ப்பான்.

கேள்வியை "ஓகே" சொல்ல முடியாதபடி எழுதுங்க. "ரிட்டர்ன் போட்டாச்சா?" வேண்டாம், "இ-வெரிஃபை ஆன தேதி என்ன?"ன்னு கேளுங்க. போட்ட 30 நாளுக்குள் வெரிஃபை பண்ணணும். பண்ணவே இல்லைன்னா அது போடாத ரிட்டர்ன்தான். வருஷ நடுவில் வேலை மாறினவங்களுக்கு: "பழைய கம்பெனி சம்பளம் எவ்வளவு ரூபாய் புது கம்பெனியின் டிடிஎஸ் கணக்கில் ஏறியிருக்கு?" பதில் பூஜ்யம்னா, ரெண்டு கம்பெனியும் தனித்தனியா கழிவு கொடுத்து வரியைக் குறைச்சுப் பிடிச்சிருப்பாங்க. மிச்சத்தை வட்டியோட நீங்கதான் கட்டணும். "பிஎஃப் நாமினி போட்டாச்சா?" இல்லை, "ஸ்கிரீன்ல இப்போ யார் பேர் இருக்கு?" கல்யாணம் ஆனவங்க இதை இன்னைக்கே பாருங்க.

ஏதாவது விட்டுப்போனா மெசேஜ் வரும்னு இருக்காதீங்க. டெட்ராய்ட்டிலும் அலாரம் இருந்தது.

ரூம்மேட்டோ மனைவியோ கணவரோ, ஒருத்தர் வாசிக்கட்டும். நீங்க போர்ட்டலைத் திறந்து, பார்த்து, பதில் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை. நடுவில் ஃபோன் வந்துச்சுன்னா, விட்ட இடத்திலிருந்து இல்லை, முதல் கேள்வியிலிருந்து மறுபடி.