சாக்கடை நீரைத் தெளிய வைக்கும் சேறு

ஒரு புட்டி நிறையச் சாக்கடை நீரை எடுத்து, இறுக மூடி, ஒரு வாரம் வைத்திருந்தால் என்ன ஆகும்? செய்து பார்க்க வேண்டாம். விடையை நாமே சொல்லிவிடுகிறோம். நீர் கறுத்துப்போகும். திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அதே நீருக்குள் ஒரு குழாயை விட்டு இடைவிடாமல் காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால்? நாற்றம் மறையும். சில வாரங்களில் நீர் தெளிந்துவிடும். அடியில் பழுப்பு நிறச் சேறு சிறிது படிந்திருக்கும். இருந்த நீர் ஒன்றுதான். பின் ஏன் இந்த வேற்றுமை?

சாக்கடை நீரில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் வெறும் தண்ணீரே. எஞ்சிய சிறு பங்கில்தான் மலமும், சோப்பும், உணவுத் துணுக்குகளும், எண்ணெயும் உள்ளன. இவற்றைத் தின்று வாழும் பாக்டீரியாக்களும் அந்நீரிலேயே கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் சுவாசித்துக் கழிவைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் சிதைக்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் வேறு வகைப் பாக்டீரியாக்களின் ஆட்சி தொடங்கும். அவற்றுள் சில, நீரிலுள்ள சல்பேட்டுகளைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடும். அழுகிய முட்டை நாற்றம் இதனுடையதே.

இவ்வாயுவிடம் ஒரு கொடிய குணம் உண்டு. அளவு மிகும்போது நம் மோப்ப உணர்ச்சியையே மரத்துப்போகச் செய்துவிடும். அதாவது, ஆபத்து பெருகும் வேளையில் எச்சரிக்கை மறைந்துவிடுகிறது! பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய தொழிலாளர் மயங்கி விழுந்து இறந்தார், காப்பாற்ற இறங்கியவரும் இறந்தார் என்று செய்தித்தாள்களில் நீங்கள் படித்திருக்கலாம். பாதுகாப்பின்றி இவ்வாறு மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. அதன் பிறகும் இத்தகைய சாவுகள் நேர்ந்திருப்பது வெட்கக்கேடு.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு லிட்டர் கழிவுநீரைச் சிதைக்கப் பாக்டீரியாக்கள் ஐந்து நாட்களில் எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன என்பதைக் கொண்டு அதன் அழுக்கை அளக்கிறார்கள். இதற்கு 'உயிர்வேதி ஆக்சிஜன் தேவை' என்று பெயர். வீட்டுச் சாக்கடை நீருக்கு இது பெரும்பாலும் 200 முதல் 300 வரை இருக்கும். 250 என்று கொள்வோம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள தூய ஆற்று நீர் ஒரு லிட்டரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். 250ஐ 7.5ஆல் வகுத்துப் பாருங்கள். 33 வருகிறதல்லவா? ஒரு லிட்டர் சாக்கடை நீர் 33 லிட்டர் ஆற்று நீரின் ஆக்சிஜன் முழுவதையும் குடித்துவிட வல்லது! ஓடும் ஆறு காற்றிலிருந்து புதிய ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டே போகும். தேங்கிய நீரோ ஈடு கொடுக்க முடியாமல் திணறும். கோடையில் வெந்நீர் போலாகும் குளத்தில் ஆக்சிஜனின் கரைதிறன் குறைவு. பாக்டீரியாக்களின் வேகமோ அதிகம். மீன்கள் செத்து மிதப்பது இதனால்தான்.

ஆகவே, ஆற்றில் நடக்கவேண்டிய சிதைவைத் தொட்டிக்குள்ளேயே நடத்தி முடித்துவிட வேண்டும். ஆனால் முன்பு சொன்ன புட்டியில் அதற்குச் சில வாரங்கள் ஆயினவே! நகரின் கழிவுநீரை வாரக்கணக்கில் தேக்கி வைக்க எங்கே போவது?

இந்த முடிச்சு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் அவிழ்ந்தது. அந்நகரின் சுத்திகரிப்பு நிலையம் டேவிஹுல்மில் இருந்தது. கில்பர்ட் ஃபௌலர் என்ற வேதியியலார் 1912இல் அமெரிக்காவின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில் கழிவுநீருக்குக் காற்றூட்டும் சோதனைகளைக் கண்டு திரும்பினார். (இவரே 1916இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார்.) அவர் தூண்டுதலால் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் புட்டிகளில் சோதனையைத் தொடங்கினர். வெளிச்சம் பட்டுப் பாசி வளர்ந்துவிடாதபடி புட்டிகளைப் பழுப்புத் தாளால் மூடினர். முதல் முறை நீர் முற்றிலும் தெளிய ஐந்து வாரங்கள் ஆயின.

அடுத்து அவர்கள் செய்ததுதான் அருமை. தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் படிந்த சேற்றை வீசாமல் அதன்மேல் புதிய சாக்கடை நீரை ஊற்றினர். நேரம் குறைந்தது. மீண்டும் மீண்டும் இப்படியே செய்யச் செய்யச் சேறு பெருகியது. தெளியும் நேரம் ஒரு நாளாகி, பின்னர் சில மணிகளாகவே சுருங்கிற்று! 1914 ஏப்ரலில் இதை வெளியிட்டபோது அச்சேற்றுக்குச் 'செயலூக்கம் பெற்ற கசடு' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர்.

கசடு என்பது பெயருக்குத்தான். உண்மையில் அது உயிர்க்கூட்டம். இட்லி மாவில் சிறிதை மிச்சம் வைத்துப் புதிய மாவுடன் கலப்பது போன்றதே இந்த உத்தியும். நுண்ணோக்கியில் பார்த்தால் பஞ்சுத் திரள் போன்ற பாக்டீரியாக் கட்டிகளையும், அவற்றில் காம்பூன்றி நிற்கும் மணி வடிவ வர்ட்டிசெல்லாவையும் காணலாம். தனியே அலையும் பாக்டீரியாக்களை இது தின்றுவிடுவதால் நீர் பளிச்சென்று ஆகிறது.

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களிலும் இம்முறை கையாளப்படுகிறது. மிகுதியாகும் கசடு மூடிய தொட்டியில் நொதித்து மீத்தேனைத் தரும். அதை எரித்து மின்சாரம் எடுக்கலாம்.

தெளிந்த நீர் ஆதலால் குடிக்கலாமா? கூடவே கூடாது. ஒரு கோடி கிருமிகளில் நூற்றுக்கு 99 ஒழிந்தாலும் ஒரு லட்சம் எஞ்சுமே! காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றுக்கு அது போதும். ஆகவே வெளிவிடுமுன் குளோரின் முதலியவற்றால் கிருமி நீக்க வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இம்முறையில் பெருமளவு தப்பிவிடுகின்றன. ஏரியில் சேர்ந்தால் அவை ஆகாயத்தாமரைக்கு உரமாகும். அது மடிந்து அழுகும்போது மறுபடியும் ஆக்சிஜன் செலவு! தோல் பதனிடும் ஆலையின் குரோமியம் போன்ற நச்சுகள் வந்துவிட்டால் பாக்டீரியாக்களே மடியும். ஆகவே ஆலைக் கழிவை ஆலையிலேயே தனியாகச் சுத்திகரித்தாக வேண்டும்.

இத்தனை பெரிய நிலையத்தின் நலத்தை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரை அளவு ஜாடியில் முகந்து, 30 நிமிடம் அசையாமல் வைத்து, சேறு எந்தக் கோடு வரை படிகிறதென்று பார்ப்பார்கள். பழுப்பு நிறமும் மண்வாசனையும் இருந்தால் கசடு நலமாக உள்ளது. கறுத்து நாறினால், காற்றடிக்கும் எந்திரத்தைப் பார்க்க ஓடுவார்கள்.