மின் கட்டணம்: 500 யூனிட்டைத் தாண்டும் முன்



அரிசி, பருப்பு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கும் குடும்பங்கள்கூட, மின் கட்டணம் வந்த பிறகுதான் திகைக்கின்றன. கையில் பணம் இல்லாதவர் வட்டிக்கு வாங்கியாவது கட்டிவிடலாம் என்று நினைக்கிறார். மார்க்கம் தடுத்த வட்டிக்குள் ஒரு குடும்பம் கால் வைக்க, இரண்டு மாத கரண்ட் பில்லே காரணமாகிவிடக்கூடாது. எனவே இந்த இதழில் மின் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, அதை எங்கே குறைக்கலாம் என்று பார்ப்போம்.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு

செலவு செய்யும்போது வீண்விரயமும் செய்யாமல், கஞ்சத்தனமும் காட்டாமல், இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களே நல்லடியார்கள் என்பது திருக்குர்ஆன் 25:67 தரும் பாடம். வயதானவரின் அறையில் ஃபேனை நிறுத்துவதோ, படிக்கும் பிள்ளைக்கு விளக்கை மறுப்பதோ சிக்கனமாகாது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேனை நிறுத்துவதுதான் சிக்கனம். உறங்கும் முன் விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. தீ விபத்தைத் தடுப்பதே அதன் நோக்கம். அந்தப் பழக்கம் இன்று நம் பணத்தையும் காக்கிறது.

ஒரு யூனிட்டால் 233 ரூபாய்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். அந்தக் கட்டணத்தை வைத்துக் கணக்கிடுவோம். அதன்பின் கட்டணம் சற்று உயர்ந்திருந்தாலும், படிப்படியாக ஏறும் முறை மாறவில்லை.

மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய் வரும்.

501 யூனிட் ஆகிவிட்டால், அந்த 2.25 ரூபாய் சலுகை போய்விடும். 101-வது யூனிட்டிலிருந்தே 4.50 ரூபாய். 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடியதால் 233 ரூபாய் கூடுகிறது!

560 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2,430 ரூபாய் வரும். அதே வீடு 60 யூனிட்டைக் குறைத்து 500-க்குள் வந்தால் 705 ரூபாய் மிச்சம். 60 நாளில் 60 யூனிட் என்பது நாளுக்கு ஒரே ஒரு யூனிட். அந்த ஒரு யூனிட்டைத்தான் நாம் வீட்டுக்குள் தேட வேண்டும்.

அந்த ஒரு யூனிட் எங்கே இருக்கிறது?

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதை மனத்தில் வைத்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.

- ஃபேன்: பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். தினமும் 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 40 யூனிட் குறையும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடும் ஃபேனை முதலில் மாற்றுங்கள்.
- கீசர்: 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் எரிந்தாலே ஒரு யூனிட். குளிக்கும் முன் போட்டு, தண்ணீர் சூடானதும் நிறுத்திவிடுங்கள்.
- ஏ.சி.: 24 டிகிரியில் வைத்து, மெதுவாக ஃபேனும் போட்டுக்கொண்டால் போதும். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.
- ஃபிரிட்ஜ்: கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்றுங்கள். சூடான குழம்பை ஆறிய பிறகே உள்ளே வையுங்கள்.
- மோட்டார்: மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தே வீணாகின்றன. ஒருவர் பொறுப்பேற்று நிறுத்த வேண்டும்.
- இஸ்திரிப் பெட்டி: தினம் ஒரு சட்டை தேய்ப்பதைவிட, வாரத்துக்கு வேண்டியதை ஒரே நேரத்தில் தேய்ப்பது நல்லது.

ரமளானில் ஸஹருக்கு எழும்போது வீடு முழுவதும் விளக்கு எரியத் தேவையில்லை. சமையலறையும் சாப்பிடும் இடமும் போதும்.

மீட்டருக்கு வெளியே வயர் இழுப்பது சிக்கனம் அல்ல, திருட்டு. அது ஹராம், உயிருக்கும் ஆபத்து.

வாரம் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள்

ரீடிங் எடுத்த நாளில் மீட்டரில் உள்ள எண்ணைக் காலண்டரில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு ஜும்ஆ நாளிலும் எழுதி வாருங்கள். வாரத்துக்கு 58 யூனிட்டுக்குள் இருந்தால் 500-ஐத் தாண்டாது. முப்பதாம் நாள் 250-ஐக் கடந்திருந்தால், மிச்சமுள்ள ஒரு மாதத்தில் சரிசெய்துகொள்ளலாம். இந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். பெரியவர்கள் மறந்தாலும் அவர்கள் சுவிட்சை அணைத்துவிடுவார்கள்.

வீட்டு உரிமையாளர்களுக்கு

நம்மில் பலர் ஒரே இணைப்பில் இரண்டு, மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டு, சப் மீட்டர் வைத்துப் பணம் வாங்குகிறோம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 150 யூனிட் பயன்படுத்தும் ஏழைக் குடும்பம் 1,200 ரூபாய் தருகிறது. தனி இணைப்பு இருந்தால், மேலே சொன்ன கணக்குப்படி, அக்குடும்பத்துக்கு வருவது 112.50 ரூபாய்தான்! இணைப்பு ஒன்றாக இருப்பதால் உரிமையாளருக்கும் உயர்ந்த விகிதத்தில்தான் பில் வருகிறது என்பது உண்மை. ஆயினும் பில்லைக் காட்டி, அவரவர் யூனிட்டுக்கு ஏற்பப் பிரித்து வாங்குங்கள். வாய்ப்பிருந்தால் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் 83-வது அத்தியாயத்தை ஓதும் நாம், சப் மீட்டரும் ஓர் அளவைதான் என்பதை மறக்கலாகாது.

எங்களிடம் வாருங்கள்

கட்டணம் கட்ட முடியாத நிலை வந்தால், வட்டிக்காரரிடம் போகும் முன் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். கடைசி மூன்று பில்களைக் கொண்டுவந்தால், எங்கே குறைக்கலாம் என்று சேர்ந்து கணக்கிடுவோம். உங்கள் விவரம் வெளியே போகாது. மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை, இருட்டில் இருக்கும் இன்னொரு வீட்டுக்கு ஸதகாவாகக் கொடுத்தால் அதுவும் நன்மையே.

வல்ல அல்லாஹ் நம் ரிஸ்கில் பரக்கத் செய்து, வீண்விரயத்தை விட்டும் கடனை விட்டும் நம்மைக் காப்பானாக! ஆமீன்.