கைத்தொழில் பழகுவோம்: கிட்டார் கழுத்தில் புள்ளி பதித்தல்



கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் நாலைந்து பேருக்கு ஒரே கிட்டார் என்பதே பல இடங்களில் நிலைமை. அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: அந்த ஒரே கிட்டாரில் கைவைத்துப் பழகாதீங்க. கழிவுப் பலகைத் துண்டில் பத்துத் துளையாவது போட்டுப் பார்த்த பிறகே கிட்டாருக்கு வரவேண்டும்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளைக் கட்டைகள் என்போம். விரல் தடுமாறாமல் இருக்க 3, 5, 7, 9 ஆகிய கட்டைகளுக்கு ஒவ்வொரு புள்ளியும், 12க்கு இரண்டு புள்ளியும் வைப்பது வழக்கம். 12ஆம் கட்டை தந்தி நீளத்தின் சரிபாதியில் நிற்கிறது. அங்கே அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். இரட்டைப் புள்ளி அதற்குத்தான். புள்ளி கம்பியின் மேல் வராது. 3க்கு உரியது 2ஆம் கம்பிக்கும் 3ஆம் கம்பிக்கும் நடுவில் வரும்.

எதைப் பதிப்பது? பெரிய கிட்டார்களில் முத்துச்சிப்பி இருக்கும். பழைய வீணைகளில் தந்தம் பதித்தார்கள். தந்தத்தின் சர்வதேச வியாபாரத்தைத் தடைசெய்ய 1989இல் உலக நாடுகள் முடிவெடுத்தன. ஆமை ஓட்டையும் தொடக்கூடாது, சட்டம் பிடிக்கும். நமக்கு வேண்டியது வீட்டிலேயே இருக்கிறது. சுவெட்டர் பின்னும் வெள்ளை பிளாஸ்டிக் ஊசி உடைந்து கிடந்தால் அதை வீசாதீங்க! 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசியை மெல்லிய வாளால் 3 மில்லிமீற்றர் துண்டுகளாக அறுத்தால் அருமையான புள்ளிகள் கிடைக்கும். வெளிர் நிறப் பலகையாக இருந்தால் தேங்காய்ச் சிரட்டையும் அழகாக எடுப்பாகத் தெரியும். கறுப்புப் பலகையில் அது கண்ணுக்கே தெரியாது.

இனி வேலை. தந்திகளைக் கழற்றி வையுங்கள். இரு கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டத்தில் மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டால், அவை வெட்டும் இடம் நடு. அங்கே ஆணி முனையால் ஒரு குழி தட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் துளையூசி வழுக்கி ஓடிவிடும். நடுவில் முள் உள்ள 6 மில்லிமீற்றர் மரத்துளையூசி கிடைத்தால் நல்லது. துளையூசியின் நுனியிலிருந்து 2 மில்லிமீற்றர் விட்டு டேப் சுற்றுங்கள். டேப் பலகையைத் தொட்டதும் நிறுத்திவிடணும். விரல் பலகையின் தடிப்பே சுமார் 6 மில்லிமீற்றர்தான். பல கிட்டார்களில் அதற்குக் கீழே, கழுத்து வளையாமல் காக்கும் இரும்புக் கம்பி ஓடுகிறது. துளை ஆழமாகப் போனால் கிட்டாரே போச்சு.

பசைக்கு இரண்டு டியூப் அரால்டைட் போதும். அதே மரத்தின் தூளைக் கொஞ்சம் கலந்தால், விளிம்பில் இடைவெளி விழுந்தாலும் வெளியே தெரியாது. புள்ளி பலகைக்கு மேலே ஒரு மயிரிழை நிற்கட்டும். நம் மலைநாட்டுக் குளிரில் பசை இறுக நேரமெடுக்கும், ஆகவே டியூபில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேலே ஒரு நாள் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டவர்கள் புள்ளியைத் தோண்டி எடுத்து, திரும்பப் பதிக்க வேண்டியதாகும்.

பிறகு இரு பக்கக் கம்பிகளையும் டேப்பால் மூடி, மேலே நிற்கும் பகுதியைச் சின்ன அரத்தால் மெதுவாகத் தேயுங்கள். முடிவில் சாண்ட் பேப்பரை ஒரு கட்டையில் சுற்றி, முதலில் 240, பின் 400, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேய்க்கணும். மலிவான கிட்டார்களில் பலகை கறுப்புச் சாயம் பூசியதாக இருக்கலாம். அப்படியானால் ரொம்பத் தேய்த்தால் சாயம் போய் வெளுத்த மரம் தெரிந்துவிடும்.

தூசியைப் பற்றிப் பெற்றோர் கவனிக்க வேண்டும். லயத்து அறைக்குள், பிள்ளை தூங்கும் இடத்தில் தேய்க்க விடாதீங்க. வெளியே வைத்துச் செய்யட்டும், மூக்கு வாயைத் துணியால் கட்டட்டும், கண்ணுக்குக் கண்ணாடி போடட்டும். சிப்பித் தூள் நெஞ்சுக்குக் கெடுதல். பிற்காலத்தில் சிப்பியை அறுக்கிறவர்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காய்ந்ததும் தந்தி மாட்டலாம். பளபளப்புக்கு என்று தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம். நாளாவட்டத்தில் அது சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும்.